கம்பிச்சுருளும் மும்மலமும்

காசிமேட்டின் மொட்டைமாடி அறை ஒன்றில் எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்பில் செருகி சுவிட்சைப் போட்டால், யாரும் தந்தியைத் தொடுவதற்கு முன்பே ஒலி வந்துவிடுகிறது. அடிவயிற்றில் உட்காரும் ஒரு ரீங்காரம். காதைக் கொடுத்தால் அதற்குச் சுருதியும் உண்டு. நம் மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த 50-ம், அதன் இரட்டிப்பான 100-ம் மேற்கத்திய ஜி சுரத்துக்குச் சற்றே மேலே நிற்பவை. கிட்டாரின் ஆகத் தடித்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 82 முறை அதிர்கிறது. ஆக, எந்த விரலாலும் அந்தக் கருவியில் எழுப்ப முடியாத ஒரு கீழ்ச்சுரத்தை அது தானாகவே பாடிக்கொண்டிருக்கிறது.

2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் வழியாகத் தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு சேர்ந்தது. அதன்பிறகு காசிமேட்டுக் கிட்டாரில் கேட்கும் ரீங்காரமும் ஸ்ரீநகரில் கேட்கும் ரீங்காரமும் ஒரே நடையில் போகின்றன.

கிட்டாரைப் பழுது பார்க்க உட்காருபவர் முதலில் கேட்பது, இந்த ஒலி யாருடையது என்பதுதான். கருவியுடையதா, கேபிளுடையதா, ஆம்புடையதா, ஊருடையதா? அது தெரியாமல் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதில் பயனில்லை. இதே கேள்வியை மனித உயிரை முன்வைத்துக் கேட்ட சைவ மரபின் பழைய தலம் ஒன்று காசிமேட்டிலிருந்து வடக்கே சில கிலோமீட்டரில் இருக்கிறது. திருவொற்றியூர், சம்பந்தரும் அப்பரும் சுந்தரரும் பாடிய தலம். பட்டினத்தாரின் சமாதி அங்கே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரங்களில் கட்டிய சைவ சித்தாந்தம் எடுத்துக்கொண்ட தலையாய வழக்குகளில் ஒன்று இது: உயிரிடம் இருக்கும் மாசு அதனோடே பிறந்ததா, வெளியிலிருந்து வந்து ஒட்டியதா?

சித்தாந்தம் மாசை மூன்றாகப் பிரித்தது: ஆணவம், கன்மம், மாயை. இவற்றில் ஆணவம் ‘சகசம்’, அதாவது உயிரோடு அநாதியாகவே உடன் இருப்பது. மற்ற இரண்டும் ‘ஆகந்துகம்’, பின்னால் வந்து சேர்ந்தவை. ஆணவத்தை விளக்க ஆசிரியர்கள் திரும்பத் திரும்ப எடுத்த உவமை செம்பும் களிம்பும். செம்பு எப்போது உண்டோ அப்போதே களிம்பும் உண்டு என்றார்கள்.

கிட்டாரின் காது செம்பால் ஆனது. ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைப் பிக்கப்பைப் பிரித்தால், தலைமுடி அளவு மெல்லிய செம்புக் கம்பி எட்டாயிரம் சுற்றுக்கு அருகில் சுற்றப்பட்டிருக்கும். நீட்டிப் பிடித்தால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டும். சித்தாந்தத்தின் உவமையைச் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. சோதிக்கப் பொருத்தமான ஊரும் காசிமேடுதான். ஏனென்றால் இங்கே களிம்பு கண்முன்னே வளர்கிறது. உப்புக் காற்றில் இருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து கேபிளின் வெளிவலையையும் வெட்டுண்ட கம்பி முனைகளையும் பச்சை பூக்கவைக்கிறது. கடற்கரைச் செம்பில் படியும் பச்சை பெரும்பாலும் குளோரைடு உப்பு. கந்தகப் புகை படும் ஊர்களில் அது சல்பேட்டாக இருக்கும். வடமேற்கே மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, வடக்கே அத்திப்பட்டில் நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையம் என்று இருக்கும் பகுதியில் செம்புக்கு இரண்டு வகைக்கும் வாய்ப்பு உண்டு.

இதில் பழைய உவமைக்கு ஒரு சிக்கல் வருகிறது. வேதியியலின்படி களிம்பு செம்புக்குள் பிறந்ததல்ல. காற்று, ஈரம், உப்பு மூன்றும் வெளியிலிருந்து வர வேண்டும். வெற்றிடக் குப்பிக்குள் அடைத்த செம்பு நூறாண்டு கழித்தும் செம்மை குன்றாது. அப்படியானால் களிம்பை ஆகந்துகத்தில் சேர்க்க வேண்டுமே தவிர, சகசத்தில் அல்ல. உவமை உடைந்தால் கொள்கையும் உடைய வேண்டும் என்பதில்லை. ஆனால் கேள்வி புதிதாகத் திறந்துகொள்கிறது: செம்பைவிட்டுப் பிரிக்கவே முடியாத மாசு என்று ஒன்று உண்டா?

அதற்குமுன் பிரிக்க முடிந்தவற்றைப் பிரித்துவிட வேண்டும். பழுது பார்க்கும் கலை என்பதே அதுதான்.

கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினால் பிக்கப்பின் குரல் அடைபட்டுவிடும். அதன்பிறகும் ரீங்காரம் குறையாவிட்டால் குற்றம் கிட்டாரிடம் இல்லை, கேபிளையோ ஆம்பையோதான் பார்க்க வேண்டும். குமிழைத் திருப்பும்போது மட்டும் ‘கரகர’வென்றால் உள்ளே இருக்கும் கரித்தடத்தில் தூசும் உப்பும் படிந்திருக்கின்றன. கான்டாக்ட் கிளீனரை ஒருமுறை அடித்து, குமிழை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். ஜாக்கை அசைக்கும்போது வெடித்தால் பற்று விட்டிருக்கிறது. ஈயம் சரியாக உருகாமல் மங்கலாக உறைந்த பற்றுகள் மாதக்கணக்கில் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டி, கச்சேரி நாளில் காலை வாரும். இவையெல்லாம் கைசெய்த வினை. எப்போதோ அவசரத்தில் வைத்த ஈயம், எப்போதோ இழுத்த கேபிள். சித்தாந்தத்தின் கன்மத்துக்கு நிகர் தேடுகிறவர் இங்கே தேடலாம்: செயலால் வந்தது, செயலாலேயே தீரவும் கூடியது.

அடுத்தது சூழலிலிருந்து வருவது. கிட்டாரை மடியில் வைத்தபடியே நாற்காலியில் மெதுவாகச் சுற்றினால் சில திசைகளில் ரீங்காரம் ஏறும், ஒரு திசையில் ஏறத்தாழ அடங்கும். டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் கம்பிச்சுருளுக்குள் எந்தக் கோணத்தில் நுழைகிறது என்பதைப் பொறுத்தது அது. மின்புலத்தால் வரும் ‘பஸ்’ வேறு வகை. பிக்கப் குழிக்குள் செம்புத்தகடு ஒட்டி, அதை எர்த்தோடு இணைத்தால் அது குறையும். தந்தியைத் தொட்டதும் பஸ் சட்டென்று இறங்குவதை வாசிப்பவர்கள் எல்லோரும் அறிவார்கள். காரணத்தை அறிந்தவர்கள் குறைவு. வாசிப்பவரின் உடலே ஓர் ஆன்டெனா. அறையில் இருக்கும் மின்புலத்தை அது வாங்கிக் கிட்டாருக்குத் தருகிறது. எர்த்தோடு இணைந்த தந்தியில் விரல் பட்டதும் உடலும் எர்த்தோடு சேர்ந்து அடங்குகிறது. கிட்டாரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர் அதுவரை தன் உடம்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

மாயையைப் பற்றிச் சித்தாந்தம் சொல்வதில் ஒரு நுட்பம் உண்டு. அது மலம்தான், ஆனாலும் உதவுகிறது. உடல், கருவி, உலகம், நுகர்ச்சி என்று உயிருக்கு வேண்டியதையெல்லாம் தருவது மாயை. ஆணவ இருளில் கிடக்கும் உயிருக்கு, சூரியன் வரும்வரை ஏற்றி வைத்த விளக்கு அது. இந்த இருமுகத்தை 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைவிடத் தெளிவாகக் காட்டும் பொருள் வேறு உண்டா என்று தெரியவில்லை. கிட்டாரை ரீங்கரிக்க வைக்கும் அதே மின்சாரம்தான் ஆம்பை இயக்குகிறது. அதை முழுவதும் அணைத்தால் இரைச்சல் போய்விடும், பாட்டும் கூடவே போய்விடும்.

இனி கம்பிச்சுருளின் இயல்புக்கே வர வேண்டும். 1831-ல் ஃபாரடே கண்டது இவ்வளவுதான்: சுருளுக்குள் காந்தப்புலம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். தந்தி அதிர்ந்தால் பிக்கப்பின் காந்தப்புலம் மாறுகிறது. பக்கத்து டிரான்ஸ்பார்மரின் புலம் அலைந்தாலும் மாறுகிறது. சுருளுக்கு இரண்டும் ஒன்றே. எந்தத் திறனால் அது இசையைக் கேட்கிறதோ அதே திறனால் இரைச்சலையும் கேட்கிறது. அந்தத் திறனைக் குறைத்தால் இரண்டும் சேர்ந்தே குறையும். சிவஞானபோதத்தின் ஏழாம் சூத்திரம் உயிரைச் சத்தும் அல்லாத, அசத்தும் அல்லாத ‘சதசத்து’ என்று நிறுவுகிறது. அதன் இயல்பு ‘சார்ந்ததன் வண்ணமாதல்’. இருளைச் சார்ந்தால் இருளாய், ஒளியைச் சார்ந்தால் ஒளியாய் நிற்பது உயிர். குறை என்று எதைச் சொல்கிறோமோ அதுவும் அறியும் ஆற்றலும் ஒரே வாசல் வழியாக வருகின்றன என்ற இந்தக் கருத்து, செம்புக்களிம்பு உவமையைவிட ஆழமானது. காசிமேட்டுக் கம்பிச்சுருளுக்கும் அதுவே கூடுதலாகப் பொருந்துகிறது.

அப்படியானால் சகசம்? அது உண்மையாகவே செம்பில் இருக்கிறது, களிம்பைவிட ஆழத்தில்.

1928-ல் அமெரிக்காவில் ஜான் ஜான்சனும் ஹாரி நைக்விஸ்ட்டும் இரண்டு கட்டுரைகளை வெளியிட்டார்கள். ஜான்சன் அளந்தார், நைக்விஸ்ட் கணக்கிட்டார். மின்தடை உள்ள எந்தப் பொருளும், எதனோடும் இணைக்காமல் சும்மா கிடந்தாலும், வெப்பத்தால் உள்ளே எலக்ட்ரான்கள் அலைவதால் ஓயாமல் ஓர் இரைச்சலை எழுப்புகிறது. நல்ல செம்பு, கெட்ட செம்பு என்ற பேதம் அதற்கு இல்லை. செம்புத்தகடு சுற்றித் தடுக்க முடியாது, எர்த் கொடுத்து இறக்க முடியாது. வெப்பநிலை தனிப்பூஜ்யத்தைத் தொட்டால்தான் நிற்கும், அதைத் தொட முடியாது. ஏழாயிரம் ஓம் தடை கொண்ட பிக்கப்பில், சென்னை வெயிலில், காதுக்கு எட்டும் அலைவரிசை முழுதும் சேர்த்துக் கணக்கிட்டால் ஒன்றரை மைக்ரோவோல்ட் வருகிறது. தந்தியின் குரல் அதைவிடப் பல பத்தாயிரம் மடங்கு பெரியது என்பதால் பொதுவாக அது காதில் படுவதில்லை. ஆம்பை முழுக்கத் திறந்து வைத்து, 250 கிலோ ஓம் வால்யூம் குமிழைப் பாதித் தடையில் நிறுத்தினால் குமிழின் பங்கு மட்டுமே நாலரை மைக்ரோவோல்ட் ஆகும். அப்போது ‘ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய மணல் ஒலி. ஆசிரியர்களுக்கு இது தெரிந்திருந்தால் களிம்பை விட்டுவிட்டு இதையே உவமையாக எடுத்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட உள்மாசே கிடையாது, மாயையும் கன்மமும் போதும் என்று வாதிட்ட சைவர்களும் இருந்தார்கள். 1313-ல் உமாபதி சிவம் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் வரும் ஐக்கியவாத சைவர்கள் அவர்கள். இரைச்சல் எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது, இன்னும் நல்ல கேபிள் வாங்கினால் தீர்ந்துவிடும் என்று நம்பும் கிட்டார்க்காரர் அறியாமலே அந்தக் கட்சியில் சேர்ந்திருக்கிறார். உமாபதி சிவம் அதை மறுக்கிறார். உள்மாசு இல்லையென்றால் தூய உயிர் மாயையிடம் ஏன் போய்ச் சிக்க வேண்டும்?

ஒப்புமை எங்கே நொண்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெப்ப இரைச்சல் வெறும் அளவு. ஆணவமோ உயிரின் அறிவையே மறைப்பது, மறைக்கிறது என்பதையும் மறைப்பது. கம்பிச்சுருளுக்குத் தான் கேட்பது தெரியாது, தனக்கு விடுதலை வேண்டும் என்ற தவிப்பும் கிடையாது. ஒப்புமை கேள்வியைக் கூராக்கும். அதற்குமேல் அதன்மேல் பாரம் ஏற்றக் கூடாது.

ஆனால் விடுதலையைப் பற்றிச் சித்தாந்தம் சொல்வதும் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் செய்ததும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கவை. 1955-ல் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப்பில் இரண்டு கம்பிச்சுருள்கள். இரண்டும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டவை, காந்த முனைகளும் எதிரெதிர். தந்தியின் குரல் இரண்டிலும் ஒன்றையொன்று கூட்டிக்கொள்கிறது. வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. காப்புரிமை 1959-ல் கிடைத்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஹம்பக்கருக்குள் ரீங்காரம் அழியவில்லை. இரண்டு சுருளிலும் அது முழுதாக இருக்கிறது. அதன் வலிமை மட்டும் அடங்கியிருக்கிறது. முத்தியிலும் ஆணவம் அழிவதில்லை, அதன் சத்தி அடங்குகிறது என்பது சித்தாந்தத்தின் முடிவு. பலருக்கு ஏமாற்றமாகத் தோன்றும் இந்த முடிவு உண்மையில் நேர்மையானது. தன்னிடம் மாசே இல்லாமல் போய்விட்டது என்று சொல்லும் ஆளை நம்புவதைவிட, மாசு இருந்தும் அதன் பிடி விட்ட ஆளை நம்புவது எளிது.

ஹம்பக்கருக்கு ஒரு விலையும் உண்டு. இரண்டு சுருள்களும் தந்தியின் இரு வேறு இடங்களைக் கேட்பதால் உச்ச அதிர்வுகளில் சில தங்களுக்குள்ளேயே கழிந்துபோகின்றன. ஒலி தடிக்கிறது, மினுமினுப்பு குறைகிறது. அதனால்தான் ஒற்றைச் சுருளை விடாமல், ரீங்காரத்தோடே வாசிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். முத்தியிலும் இதே விலைக் கேள்வி உண்டு. பாடாணவாத சைவம் முத்தியில் உயிர் கல்லைப்போல் கிடக்கும் என்றது. துன்பம் இல்லை, இன்பமும் இல்லை. சித்தாந்தம் அதை ஏற்கவில்லை. முத்தி என்றால் இன்பத்தை நுகர வேண்டும், வெறும் அடக்கம் போதாது என்றது. ஒற்றைச் சுருள்காரர்கள் சித்தாந்திகளின் பக்கம்.

அடக்கத்தை எப்பாடு பட்டாவது வாங்க நினைப்பது உயிருக்கும் ஆபத்து. இரண்டு ஆம்புகளை இணைக்கும்போது எர்த் வழியாக ஒரு சுற்று உண்டாகி ரீங்காரம் எழும். சிலர் ஆம்பின் மூன்றாவது பின்னை எர்த்தில் சேராமல் விட்டுவிடுவார்கள், சத்தம் போய்விடும். கூடவே காப்பும் போய்விடும். 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்ஸியில், ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார்க் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். தெருமுனைக் கச்சேரிகளில் ஜெனரேட்டரிலிருந்து வயர் இழுத்து, சீரியல் செட்டும் ஆம்பும் ஒரே பலகையில் மாட்டும் வடசென்னையில் இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ரீங்காரம் கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். மூன்றாவது பின்னில் கை வைக்கக் கூடாது.

இரைச்சல் என்று எதைச் சொல்வது என்பதும் அவ்வளவு தெளிவான கதையல்ல. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் நூல் செருகி, வேண்டுமென்றே ஒரு ரீங்காரத்தை உண்டாக்குவார்கள். அதற்கு ஜீவா என்று பெயர். அது இல்லாத தம்புராவைச் செத்தது என்பார்கள். 1964-65-ல் அமெரிக்காவின் ஹோம்டெலில் பென்சியாஸும் வில்சனும் ஆன்டெனாவில் வந்த இரைச்சலைப் போக்கப் புறாக்களின் எச்சத்தைக்கூடத் துடைத்துப் பார்த்தார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும் போகவில்லை. கடைசியில் அது பிரபஞ்சத்தின் பிறப்பிலிருந்து எஞ்சிய வெப்பம் என்று தெரிந்தது. 1978-ல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அவர்கள் ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்கியதால்தான் எஞ்சியது எது என்று தெரிந்தது. முன்கூட்டியே ஒரு பெயர் சூட்டியிருந்தால் தெரிந்திருக்காது.

சமூகம் அந்தப் பொறுமையைக் காட்டியதில்லை. ஆணவம் எல்லா உயிருக்கும் பொது என்பது சித்தாந்தத்தின் மறுக்க முடியாத கோட்பாடு. மூவகை உயிர்களில் மேலான விஞ்ஞானகலருக்கும் அது உண்டு. அப்படியிருக்க, மாசைப் பிறப்பால் சிலர்மேல் மட்டும் ஏற்றி, கோயில் வாசலை அவர்களுக்கு அடைத்து வைத்தார்கள். ஆலயப் பிரவேசம் சென்னை மாகாணம் முழுவதற்கும் சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கற்ப நிராகரணம் எழுதிய அதே உமாபதி சிவம், ஒடுக்கப்பட்ட குலத்தவரான பெத்தான் சாம்பானுக்குத் தீட்சை தந்து முத்திப்பேறு அளித்தார் என்று சைவ மரபே சொல்கிறது. கதையைச் சொல்லி மகிழ்ந்தவர்கள் கோட்பாட்டைக் கதவு வரை கொண்டுபோகவில்லை.

ஒலியிலும் அதுதான் நடந்தது. வடசென்னையின் கானாவை நெடுங்காலம் சாவு வீட்டுச் சத்தம் என்று ஒதுக்கினார்கள். 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியது. கானாக் கலைஞர்களும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒரே மேடையில். ‘சாதி பேதமற்ற’ தமிழர் என்ற அயோத்திதாசரின் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். குழுவில் பாடிய ராயபுரத்து இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். இரைச்சல் என்று சொன்னவர்கள் கேட்டது தங்கள் காதைத்தான்.

பழுது பார்ப்பவரின் ஒழுக்கத்தை இன்னொரு இடத்திலும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. கன்மக் கோட்பாட்டை ஏழைகளின் துன்பத்துக்கு ஆயத்த விடையாகச் சொல்லும் வழக்கம் இன்னும் இருக்கிறது: அவரவர் வினை, அவரவர் அனுபவிக்கிறார். காசிமேட்டின் ஆம்புகளை இயக்கும் மின்தொகுப்பில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் பங்கும் உண்டு. அதன் சாம்பல் குழாய்கள் கசிந்து கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னை புறம்போக்கு’ பாடலைக் கர்னாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று பாடியபோது அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் பின்னணியில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் இறங்கி, எண்ணூர் மீனவர்களின் படகிலும் வலையிலும் அப்பியது. மீனவர்கள் அதை வாளியால் அள்ளினார்கள். இது எவர் வினை? வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்கி, கேபிளைக் கழற்றி, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனால், விடை மீனவரின் முற்பிறவியில் வந்து நிற்கவில்லை. அது குழாயில் நிற்கிறது. அந்தக் குழாய் எங்கே தொடங்குகிறது, யார் அதைப் பராமரிக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது.